உண்ணாமலை நிறுத்திய ராட்டினம்

ஆரணிப் பக்கம் ராட்டினம் தள்ளுகிற ஆம்பிளைகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஓடுகிற ராட்டினத்தை நிறுத்துகிற பெண்பிள்ளை ஒருத்திதான் இருந்தாள். உண்ணாமலை.

தள்ளுவது பெரிய வித்தையல்ல. இரண்டு மரத்தூண், நடுவே ஒரு அச்சு, அச்சைச் சுற்றி நான்கு தொட்டில். கீழே வருகிற தொட்டிலின் முதுகில் கைவைத்து ஓங்கி ஒரு தள்ளு, அடுத்தது வந்ததும் அதற்கொரு தள்ளு. முதல் தள்ளுக்குத்தான் மூச்சு முட்டும். ஒருதரம் கிளம்பிவிட்டால் அப்புறம் தடவிக்கொடுத்தாலே போதும், அதுபாட்டுக்கு ஓடும். அந்தச் சுகமான வேலை அவள் புருஷன் ஜெயவேலுக்கு.

நிறுத்துவது அப்படியல்ல. ஓட ஆரம்பித்த எதற்கும் நிற்க மனம் வராது. யாராவது குறுக்கே தன் உடம்பைக் கொடுத்தாக வேண்டும். உண்ணாமலை கொடுத்தாள். தொட்டிலின் அடிக்கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, குதிகாலை மண்ணில் ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுப்பாள். அது மேலே ஏறத் தொடங்கும் முன் விட்டுவிடுவாள். அடுத்த தொட்டில், இன்னொரு இழுப்பு, இன்னொரு விடுதல். ஒவ்வொரு இழுப்புக்கும் ராட்டினத்தின் திமிர் கொஞ்சம் குறையும். பிடிப்பதில் அல்ல, நேரத்துக்கு விடுவதில்தான் உயிர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் குதிகாலைப் பற்றி ஊரில் கதை கதையாகச் சொல்வார்கள். கலசப்பாக்கம் திருவிழாவில் அவள் குதிகால் கிழித்த பள்ளத்தில் மறுவாரமே ஒரு விவசாயி வேர்க்கடலை விதைத்துவிட்டானாம். தேசூர் பஸ் ஒன்று பிரேக் பிடிக்காமல் சந்தைக்குள் வந்தபோது முதுகைக் கொடுத்து நிறுத்தினாளாம். டிரைவர் இறங்கிவந்து கும்பிட்டாராம், கண்டக்டர் மட்டும் டிக்கெட் கேட்டாராம். இதில் பாதியை நம்பலாம். எந்தப் பாதி என்பது கேட்கிறவர் பாடு.

ஆரணியில் ராட்டினம் ஓட்டுவதில் வேறு ஊரில் இல்லாத ஒரு தொல்லை உண்டு. மற்ற ஊர்களில் திருவிழாவுக்கு நூல் புடவையும் நைலக்ஸும் கட்டி வருவார்கள். இங்கே தறிக்கார வீட்டுப் பெண்கள் பட்டில் வருவார்கள். தொட்டில் பலகையோ வருஷக்கணக்காக ஜனங்கள் உட்கார்ந்து தேய்த்து மழமழவென்றிருக்கும். அதன்மேல் புதுப்பட்டு என்பது நனைந்த சோப்பின்மேல் நனைந்த சோப்பை வைத்தது மாதிரி. சட்டென்று நிறுத்தினால் தொட்டில் நிற்கும், பலகை நிற்கும், உட்கார்ந்திருக்கிற அம்மாள் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டே இருப்பார். அதற்காகப் பட்டுக்காரர்களுக்கு மட்டும் உண்ணாமலை பலகையில் கோணி விரிப்பாள். அரிசி மில்லிலிருந்து வந்த சொரசொரப்பான கோணி. பட்டு அதில் பிடித்துக்கொள்ளும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஆடித் திருவிழாவில் ராட்டினம் ஓடத் தொடங்குமுன் அதன் காலடியில் கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பார்கள். பிறகு திருவிழாக் கமிட்டித் தலைவர் வீட்டுப் பெண், அந்த வருஷம் அவர்கள் தறியில் இறங்கிய புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தனியாக மூன்று சுற்றுச் சுற்றுவார். அதற்கு முதல் சுற்று என்று பெயர். தேங்காய்த் தண்ணீர் சரியாக உண்ணாமலை குதிகால் ஊன்றுகிற இடத்தில்தான் ஓடும். களிமண் அது. நனைந்தால் வெண்ணெய். ஆகையால் தேங்காய் உடைந்த கையோடு ஒரு கூடை உமியை அங்கே கொட்டி மிதித்துவிட்டுத்தான் அவள் ராட்டினத்தின் பக்கம் போவாள். ஒரு வருஷம்கூட மறந்ததில்லை. ஒரே ஒரு வருஷம் மறந்தாள்.

அந்த வருஷத்துக்கு வருமுன் அவள் மகள் அன்புச்செல்வியின் பின்னலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூற்றி மூன்றில் அன்புச்செல்வி, பட்டு வியாபாரி குமரேசன் வீட்டில் ராட்டையில் நூல் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். குமரேசன்தான் திருவிழாக் கமிட்டித் தலைவர். தேசூரில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைவிட அதைத்தான் அதிகம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் அந்த வீட்டில் அரக்குச் சாயம் போட்ட பட்டு நூல் கட்டு ஒன்று காணாமற்போயிற்று. குமரேசனின் மனைவி ராஜம்மாள் எங்கேயும் தேடவில்லை. நேராக அன்புச்செல்வியிடம் வந்தாள். பெண் தெரியாது என்றாள். ராஜம்மாள் கத்தவில்லை, அடிக்கவில்லை, நாகரிகமான பெண்மணி. ராட்டைக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னாள். பின்னல் நுனியை ராட்டைச் சட்டத்தில் முடிந்தாள். பிடியைச் சுற்றத் தொடங்கினாள். அவசரமில்லை, நூல் சுற்றுகிற அதே நிதானம்.

சுற்றுக்குச் சுற்று பின்னல் குறைந்தது. தலை பின்னுக்கு வந்தது. கழுத்து முன்னுக்கு இழுத்தது. கூட வேலைசெய்த பெண்கள் தங்கள் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வயதுக் கழுத்து ஒரு சக்கரத்தோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டும்? பிடரிக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடி தோலோடு வந்தபோது, நான்தான் எடுத்தேன் என்று அன்புச்செல்வி ஒத்துக்கொண்டாள். எங்கே வைத்தாய் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ராஜம்மாள் அதைக் கேட்கவே இல்லை.

ஒத்துக்கொண்டாள் என்ற வார்த்தை ராட்டினத்தைவிட வேகமாக ஓடியது. தேசூர்க்காரர்கள் ஆளனுப்பித் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எந்த வீட்டிலும் நூலைத் தொட விடவில்லை. குழாயடியில் அவளுக்குப் பட்டுத் திருடி என்று பெயர் வைத்தாயிற்று. கூப்பிடுகிறவர்கள் கோபமாகக்கூடக் கூப்பிடவில்லை, செல்லப்பெயர் மாதிரி சாதாரணமாகக் கூப்பிட்டார்கள். முடி போன இடத்தில் முடி முளைக்கவில்லை. அந்தப் பெண் புடவைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வாழப் பழகினாள்.

ஜெயவேல் அன்றைக்கே கொடுவாளைத் தேடினான். உண்ணாமலை அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் பிடித்தால் பஸ்ஸே நிற்கும் என்கிறபோது ஜெயவேல் எம்மாத்திரம். வெட்டினால் நீ ஜெயிலுக்குப் போவாய், பெண் திருடியாகவே இருப்பாள் என்றாள். அவளுக்கு வேண்டியது ராஜம்மாளின் தலை அல்ல, வாய். எடுத்தது அந்தப் பெண் இல்லை என்று அந்த வாய் ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

அதற்கு அவள் காத்திருந்தாள். முதல் சுற்றில் உட்காருகிறவர் அப்போது குமரேசனின் தாயார் கன்னியம்மா. நல்ல மனுஷி, கோணியில் மறுபேச்சில்லாமல் உட்காருவார், இறங்கும்போது கையில் ஒரு வாழைப்பழம் கொடுப்பார். அந்த அம்மாளுக்கு நூறு வயசு ஆகட்டும் என்று ஊரே வாழ்த்தும். உண்ணாமலை மட்டும் வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே, போதாதா, இன்னும் எத்தனை வருஷம் என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வாள். தொண்ணூற்றி ஏழு கார்த்திகையில் கன்னியம்மா போய்ச்சேர்ந்தார். பாடை போகிற தெருவில் உண்ணாமலை அழுத அழுகையைப் பார்த்து, இவளுக்கு இவ்வளவு விசுவாசமா என்று சொந்தக்காரர்களே வெட்கப்பட்டார்கள்.

அடுத்த ஆடியில் முதல் சுற்று ராஜம்மாளுக்கு வந்தது.

கற்பூரம் எரிந்தது, தேங்காய் உடைந்தது. உமிக் கூடை தூணோரம் இருந்தது. உண்ணாமலையின் கண் அதன்மேல் போகவே இல்லை. அவள் கண்ணெல்லாம் ராஜம்மாள்மேல் இருந்தது. மாம்பழக் கலரில் புதுப்பட்டு, கை அகலச் சரிகை, மடிப்புக் கலையாமல் தேர் மாதிரி வந்தாள். அவள் எடைக்குச் சமமாக எதிர்த் தொட்டிலில் இரண்டு மணல் மூட்டை ஏற்றியிருந்தார்கள். பலகையில் கோணியைக் கண்டதும் முகம் சுளித்தாள்.

"இன்னாடி இது? எட்த்து அப்பால போடு. நேத்து தறியில இருந்து எறங்கின பொடவை, உன் கோணி நாத்தம் இதுல ஒட்டணுமா?"

"வழுக்குங்கம்மா."

"பட்டு எங்களுக்குப் புதுசில்லடி. நீ எடு."

உண்ணாமலை இப்படியொன்றை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. கேட்காமலே சாமி கொடுத்தது மாதிரி இருந்தது. கோணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஜெயவேலிடம் போய் மெதுவாகச் சொன்னாள். "யோவ், நான் கைய வெக்கிற வரைக்கும் தள்ளிகினே இரு. யார் சொன்னாலும் நிறுத்தாத."

மூன்று சுற்று மரியாதையாக நடந்தது. ராஜம்மாள் கை கூப்பினாள். ஜனங்கள் கை தட்டினார்கள். நான்காவது சுற்றிலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஐந்தாவதில் சிரிப்பு கொஞ்சம் கோணியது. அதற்குப் பிறகு தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தரம் இறங்கும்போதும் மாம்பழப் பட்டு பலகையின் விளிம்பை நோக்கி விரலளவு நகர்ந்தது.

நிறுத்தச் சொன்னாள். உண்ணாமலை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நிறுத்தறேங்கம்மா. அந்த அரக்கு நூலு எங்க போச்சு? அத்த மட்டும் சொல்லிடுங்க, ஜல்தியா எறக்கி வுட்டுடறேன்."

ராஜம்மாள் கீழே வரும்போது உண்ணாமலையைத் திட்டினாள், மேலே போனதும் அம்மனைக் கூப்பிட்டாள். திட்டும் வேண்டுதலும் மாறி மாறி வந்தன, சில சமயம் ஆள் மாறியும் போயின. சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவர்களும் கொஞ்ச நேரம் வேடிக்கை என்றே நினைத்தார்கள். குமரேசன்தான் முதலில் புரிந்துகொண்டு ஓடிவந்து ஒரு தொட்டிலைப் பிடிக்கப் பார்த்தார். அது அவர் மார்பில் ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டு, அவருடைய அங்கவஸ்திரத்தை எடுத்துக்கொண்டு மேலே போயிற்று. அதன்பிறகு அருகில் போக ஒருவருக்கும் தைரியமில்லை. ராட்டினம் அங்கவஸ்திரத்தைக் கொடி மாதிரி பறக்கவிட்டுக்கொண்டு சுற்றியது. என்ன நடக்கிறது என்று பார்க்க ரேடியோ செட்டுக்காரன் பாட்டை நிறுத்தினான். அந்த ஒரு உதவியை அவன் தெரியாமல் செய்தான்.

சத்தம் நின்ற இடத்தில் ராஜம்மாளின் குரல் மட்டும் இறங்கி வந்தது.

"என் தம்பிடி. சிவப்பிரகாசம். நாந்தான் எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாம நூல அவங்கிட்ட குடுத்து அனுப்பிச்சேன். உம் பொண்ணு எடுக்கல. நிறுத்து, வழுக்குது."

"இன்னொரு தபா சொல்லுங்கம்மா. மேல போகும்போது சொன்னது காதுல வுழல."

ராஜம்மாள் இன்னொரு தரமும் சொன்னாள். இந்த முறை தம்பி பெயரை முதலில் சொன்னாள்.

ஜெயவேல் கையை எடுத்தான். ராட்டினம் நிற்கவில்லை. அவ்வளவு நேரம் வாங்கிய தள்ளெல்லாம் அதற்குள் இருந்தது. சட்டென்று பிடித்தால் ராஜம்மாள் பலகையிலிருந்து கிளம்பிக் கடலை வண்டிக்காரன் அடுப்பில்தான் போய் உட்காருவாள். உண்ணாமலை அந்தக் காட்சியை ஒரு மூச்சு நேரம் ஆசையாக நினைத்துப் பார்த்தாள், அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் விழுந்து செத்தால் அவள் சொன்ன வார்த்தையும் அவளோடு செத்துப்போகும். ஊர் சாவைத்தான் பேசும், நூலைப் பேசாது. ஆகவே அவளைப் பூ மாதிரி இறக்கியாக வேண்டும்.

முதல் தொட்டிலை இழுத்து விட்டாள். இரண்டாவதை இழுத்து விட்டாள். வேகம் இறங்கியது. மூன்றாவதில் ஊன்றிய குதிகால் தேங்காய்த் தண்ணீர் ஊறிய களிமண்ணில் இறங்கியது. இத்தனை வருஷம் பஸ்ஸையும் வண்டியையும் நிறுத்திய குதிகாலுக்குக் கீழே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ராட்டினம் இழுத்தது, மண் விட்டுக்கொடுத்தது. விட வேண்டிய நேரத்தில் அவள் விழாமலிருக்கக் கட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். தொட்டில் அவளைத் தூக்கிக்கொண்டு மேலேறியது. வலது தோள் தொட்டிலுக்கும் தூணுக்கும் நடுவே போயிற்று.

ராட்டினம் நின்றது. தோளில் முட்டி நின்றது.

நின்ற குலுக்கலில் ராஜம்மாள் வழுக்கினாள். நல்லவேளை அவள் தொட்டில் அப்போது கீழே வந்திருந்தது. தூணோரம் இருந்த உமிக் கூடையின்மேல் போய்ச் சம்மணமிட்டது மாதிரி உட்கார்ந்தாள். ஒரு கீறல் இல்லை. கொண்டையில் மட்டும் கொஞ்சம் உமி. காலுக்குக் கீழே கொட்டியிருக்கவேண்டிய உமி எதிரியின் இடுப்பைக் காப்பாற்றியதைத் தூணில் மாட்டிக்கொண்டபடியே உண்ணாமலை பார்த்தாள். பிறகுதான் அவளுக்குக் கண் இருட்டியது.

ஆஸ்பத்திரியில் கையை வெட்டவில்லை. ஒட்டவைத்தார்கள். கை ஒட்டிக்கொண்டது, உயிர் ஒட்டவில்லை. தோளிலிருந்து கயிற்றில் தொங்கும் சுரைக்காய் மாதிரி தொங்கியது. ஆஸ்பத்திரிக்கு வந்த அன்புச்செல்வி அழவில்லை. தலைப்பைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எதிலும் உணர்ச்சியில்லை.

"எம் முடிக்கு உன் கையாம்மா?" என்றாள்.

உண்ணாமலை, முடிக்கில்லை, பெயருக்கு என்றாள். பெயர் வந்துவிட்டதா என்று மகள் கேட்டாள்.

கட்டுப் பிரித்ததும் கமிட்டி கோயில் மண்டபத்தில் கூடியது. அவள் ஆள் கொல்லப் பார்த்தவள் என்றார்கள். அவள் அதை மறுக்கவில்லை, ஆனால் நூல் விஷயம் இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அதை மட்டும் சபையில் சொல்லிவிடுங்கள் என்று கேட்டாள். குமரேசன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ராட்டினத்துல கட்டிப்போட்டா மாதிரி சுத்த வுட்டு வாங்கினது ஒரு வார்த்தையா? உயிர் பயத்துல யாரும் எத்தயும் ஒத்துப்பாங்க. அது செல்லாது."

கூட்டம் தலையாட்டியது. நியாயமான பேச்சுத்தானே.

"சரிங்க மொதலாளி," என்றாள் உண்ணாமலை. "எம் பொண்ண ராட்டையில கட்டிச் சுத்தினீங்களே, அப்ப அவ ஒத்துக்கினது மட்டும் எப்பிடிங்க செல்லிச்சு?"

தலையாட்டிக்கொண்டிருந்த தலைகள் ஆட்டத்தை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஆடின. பதில் சொல்லாமலேயே, இனி அந்தத் திடலில் அவர்கள் ராட்டினம் போடக்கூடாது என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். செல்லாத அந்த வார்த்தைக்குப் பிறகு சிவப்பிரகாசம் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அது அவனை மட்டும் எப்படித் தடுத்தது என்று கேட்பாரில்லை.

ஆனால் குழாயடியில் ஒன்று நடந்தது. பட்டுத் திருடி என்ற பெயரை அந்த வாரத்திலிருந்து யாரும் சொல்லவில்லை. உண்மை தெரிந்துவிட்டது என்பதற்காக அல்ல. உண்மை தெரிந்தும் சொல்லக்கூடியவர்கள்தான் அவர்கள். உண்ணாமலைக்கு இடது கை மிச்சமிருந்தது, அதற்காக. அன்புச்செல்வி சில வருஷம் கழித்துச் செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். காற்றில் தலைப்பு நழுவினால் முன்போல அவசரமாக இழுத்துக்கொள்வதில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மாப்பிள்ளை மட்டும் எந்த ஊரிலிருந்தும் வரவில்லை.

ஜெயவேலின் ராட்டினம் விறகாகிப் போயிற்று. திடலுக்கு மோட்டாரில் ஓடும் இரும்பு ராட்டினம் வந்தது. வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவன் கொண்டுவந்தான். அதன் இருக்கையெல்லாம் பெயின்ட் அடித்த வழவழத் தகடு. வந்த முதல் நாளே பட்டுக் கட்டிய புதுப்பெண் ஒருத்தி பாதி வழியில் வழுக்கித் தொங்கினாள். வெளியூர்க்காரனுக்கு என்ன தெரியும். யாரோ கையைக் காட்ட, அவன் உண்ணாமலையைத் தேடிவந்து கூப்பிட்டுக்கொண்டான். வேலை, பட்டுக்காரர்களுக்குக் கோணி விரிப்பது. அதற்கு ஒரு கை போதும். கமிட்டி தடுத்தது ராட்டினத்தைத்தானே, கோணியை அல்ல.

முதல் சுற்றுப் பழக்கம் மட்டும் போகவில்லை. தலைவர் வீட்டுப் பெண் ஏறியே ஆக வேண்டும். ராஜம்மாள் ஏறமாட்டேன் என்று சாதித்துவிட்டாள். அதனால் அவள் பேத்தி காவ்யா பட்டுப்பாவாடையில் ஏறினாள். முன்பல் விழுந்த வயது. உண்ணாமலை பலகையில் கோணியை விரித்து, சுருக்கம் நீவி, பிள்ளையைத் தூக்கி உட்காரவைத்து, கம்பியை மாட்டிவிட்டு வருவாள். நிறுத்துவதற்குக் குதிகால் இப்போது தேவையில்லை. ஒரு சுவிட்ச் இருந்தது. அதை வேலூர்க்காரன் வைத்திருந்தான். ஆனால் சரியாக அந்த நேரத்துக்குத்தான் உண்ணாமலை அவனுக்கு டீ சொல்லிவைத்திருப்பாள். அவன் தம்ளரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்ததும் இடது கையை சுவிட்ச்மேல் வைத்துக்கொண்டு நிற்பாள்.

கீழே ராஜம்மாள் நிற்பாள். பேத்தியைப் பார்க்கமாட்டாள். அந்தக் கையைத்தான் பார்ப்பாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது சுற்று முடிகிற இடத்தில் ராஜம்மாளின் உதடு ஏதோ சொல்வதற்குத் திறக்கும், ஆனால் கேட்கும்படியாக எதுவும் வராது. உண்ணாமலை அவளைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரே ஒரு சுற்று விடுவாள். வருஷத்துக்கு ஒன்று, அதற்கு மேல் ஆசைப்பட்டதில்லை. அப்புறம் சுவிட்சை இறக்கிவிட்டு, ராட்டினம் பூ மாதிரி ஓய்ந்து நிற்கும்வரை பக்கத்திலேயே நின்று, காவ்யாவின் பாவாடையில் ஒட்டிய கோணிச் சிம்பைத் தட்டிவிட்டு, பாட்டியின் கையில் பிள்ளையை ஒப்படைப்பாள்.